ஆயிரம் அறை கூட்டிய ராணி

ராஜகுமாரி கதைகள் எனக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மழை பெய்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக் கூரை மூன்று இடத்தில் ஒழுகும். ஒழுக்குக்கு மூன்று சட்டியை வைத்துவிட்டு, தங்க மாளிகையில் ஊஞ்சலாடிய ஒருத்தியின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடிந்ததே இல்லை. ஆனால் என்னைப் போல உலகத்தில் நாலு பேர்தான் இருப்பார்கள் போலிருக்கிறது. பல்லேகலையில் நான் வேலை செய்யும் கார்மெண்டில் தைக்கிற சின்னப் பிள்ளைகள் சட்டையில் பாதிக்கு மேல், கிரீடம் வைத்த ஒருத்தி நெஞ்சுப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாளைக்கு அறுநூறு கிரீடம் என் கையால் போகிறது. பூ போட்ட சட்டை தேங்கிக் கிடந்தாலும் இவள் தேங்க மாட்டாள் என்று சூப்பர்வைசர் சொல்வார். பூ என்ன பாவம் செய்ததோ தெரியாது.

சொல்ல வந்தது சுதா என்கிற என்னைப் பற்றி இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு ஜெயராணி அக்காவைப் பற்றி.

மடுல்கெல்லப் பக்கம் எங்கள் தோட்டம். அக்கா அங்கே பிள்ளைக் காம்பரா ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். கைக்குழந்தைகளுக்கு அவரவர் தாயின் பழைய சேலையில்தான் தொட்டில். வேறு சேலையில் போட்டால் தூங்காதுகள். பத்து மணிக்குத் தாய்மார் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலைக்கு ஏறுவார்கள். சாயந்திரம் நாலரைக்கு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். பத்தொன்பது வருஷமாக அக்காவுக்கு இதுதான் வேலை. பகல் முழுக்க இருபது பிள்ளை, நாலரைக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அக்காவின் புருஷன் கணபதி தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனார். கலியாணமாகி நாலு வருஷம். பிள்ளை கிடையாது.

கதை சொல்வதில் அக்காவை அடிக்க ஆள் இல்லை. எப்போதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு படப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் எழுத்தெல்லாம் சிங்களம். அக்காவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அதனால் படத்தைப் பார்த்துத் தானே கதை கட்டினார். மஞ்சள் முடி ராஜகுமாரி, கோபுரம், முள்வேலி, ஒரு பூதம். அதில் உண்மையாக என்ன எழுதியிருந்ததோ, கடவுளுக்குத்தான் தெரியும். பிள்ளைகளுக்கு அக்கா சொன்னதுதான் வேதம். துவாயைத் தலையில் போட்டு முடி என்று தொங்கவிட்டுக்கொண்டு, மூக்கு வழிய உட்கார்ந்து கேட்பார்கள். நேற்றுச் சிவப்புப் பாவாடை என்று சொல்லி இன்று நீலம் என்றால் தீர்ந்தது. "இல்ல ஆயா! செவப்பு!" என்று இருபது வாயும் கத்தும். புதுக் கதை ஒருத்தருக்கும் வேண்டாம். அதே கதை, அதே சொல், அதே இடத்தில் மூச்சுவிட வேண்டும்.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயது இளைய தங்கை சுபாஜினி. தாய் தகப்பன் போன பிறகு அக்காதான் அவளை வளர்த்தார். அவள் கலியாணம் கட்டினவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். முதல் இரண்டு மாதம் போன் எடுத்தான், பிறகு நம்பரை மாற்றிவிட்டான். நிலூஷா என்று ஒரு பெண் பிள்ளை. நாடே காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற வருஷம், தோட்டச் சம்பளத்தில் பால்மா பெட்டி வாங்க முடியாமல் போனபோது, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன் என்று சுபாஜினி எழும்பினாள்.

அப்போது ஒரு சட்டம் இருந்தது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டு வேலைக்குப் போக முடியாது. பிரதேச செயலகத்திலிருந்து ஒரு மிஸ் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். நிலூஷாவுக்கு மூன்றரை வயது. ஏஜென்ட் வழி சொல்லிக் கொடுத்தான்.

"புள்ளைய அக்காவோடதுன்னு சொல்லிருங்க. லயத்து ஆளுங்க வாயத் தொறக்காம இருந்தா காரியம் முடிஞ்சிடும்."

இதில் தப்பு இருப்பதாக எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. லயத்தில் எந்தப் பிள்ளை எந்த வீட்டில் சாப்பிட்டது என்று யார் பார்க்கிறார்கள்? தாயின் அக்காவைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறோம். அம்மாவுக்கு முன்னால் ஒரு பெரிய போட்டால் பெரியம்மா. அதில் பெரியதை மட்டும் எடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தோம். பெரிய ஆட்கள் இருபது வீட்டுக்காரரும் வாயை மூடிக்கொள்வோம். மூன்றரை வயதுப் பிள்ளையின் வாயை யார் மூடுவது? அதைத்தான் அக்கா கதையால் மூடினார்.

அந்தக் கதையை நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துச் சுவருக்கு மறைக்கத் தெரியாது. ஒரு ராணியைப் பூதம் கடலுக்கு அப்பால் தூக்கிக்கொண்டு போகப் போகிறது. அங்கே ஆயிரம் அறை மாளிகை. அத்தனை அறையையும் ராணி கூட்ட வேண்டும். அவளுடைய மகள் சின்ன ராஜகுமாரி அவளை அம்மா என்று கூப்பிடாமல் இருக்கிறவரை ராணிக்கு ஒன்றும் ஆகாது. வாய் தவறி ஒரு தடவை கூப்பிட்டால், அந்த நிமிஷமே ராணி கல்லாகிவிடுவாள். பூதத்தின் ஆட்கள் பிரியமானவர்கள் வேஷத்தில் வந்து, "சொல்லு, சொன்னா ஒண்ணும் ஆகாது" என்று கெஞ்சுவார்கள். ராஜகுமாரி ஏமாறக் கூடாது. ஆயிரம் அறையும் கூட்டி முடித்து ராணி வாசலில் வந்து நின்று, "நான் வந்துட்டேன்" என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் கூப்பிடலாம். அதுவரை ராணியைச் சித்தி என்றும் பெரியம்மாவை அம்மா என்றும் கூப்பிட வேண்டும்.

"அந்த ராணி யாருன்னு தெரியுமா?" என்று அக்கா கேட்டார்.

நிலூஷா மெதுவாகத் திரும்பித் தாயைப் பார்த்தாளாம். சுபாஜினி பிறகு என்னிடம் சொன்னாள்.

மிஸ் வந்தார். நல்ல மனுஷி, அரைகுறைத் தமிழில் பிரியமாகத்தான் கேட்டார். "பேபி, உங்க அம்மா எங்கே?" நிலூஷா ஜெயராணி அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் எங்கம்மா" என்றாள். "அப்ப இவங்க?" என்று மிஸ் சுபாஜினியைக் காட்டினார். "சித்தி" என்றாள் பிள்ளை. கொஞ்சமும் யோசிக்கவில்லை. சுபாஜினி அலுமாரிப் பக்கம் திரும்பி எதையோ தேடுகிற மாதிரி நின்றாள். நானும் கதவடியில் நின்று, ஆமாம் மிஸ் என்று தலையாட்டினேன். மிஸ் போன பிறகு லயமே சிரித்தது. கெட்டிக்காரி, வாயாடி, வக்கீலாக வருவாள் என்று ஆளுக்கு ஆள் அவள் கன்னத்தைக் கிள்ளினோம். ஒருத்தர் டொபி வாங்கிக் கொடுத்தார்.

வேன் வந்து சுபாஜினியை ஏற்றிக்கொண்டு போன அன்றைக்கும் அவள் அழவில்லை. "சித்தி, டாட்டா" என்று கை காட்டினாள். அதற்கும் பாராட்டினோம்.

சுபாஜினி வெள்ளிக்கிழமைகளில் போனில் வீடியோ கோல் எடுப்பாள். "சித்தி, சாப்பிட்டீங்களா? எத்தன ரூம் கூட்டினீங்க?" இதுதான் நிலூஷா கேட்பது. முதலில் சுபாஜினி விழுந்து விழுந்து சிரித்தாள். இருநூறு, முந்நூறு என்று கணக்குச் சொன்னாள். நாளாக நாளாகச் சிரிப்புக் குறைந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்தும் குவைத் வீட்டுக்காரர்கள் அவளை விடவில்லை. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றார்கள். பாஸ்போர்ட் அவர்கள் கையில்.

நிலூஷா ஐந்து வயது முடிந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். மறைக்க இனி ஒரு காரணமும் இல்லை. நான் அக்காவிடம் கேட்டேன்.

"இப்பவாவது உள்ளதச் சொல்லிறலாமேக்கா?"

"அது சின்னப் புள்ள, சுதா. கொழம்பிப்போகும். சுபா வந்தா தானா சரியாயிரும்."

அக்கா என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பள்ளி விட்டதும் நிலூஷா நேரே பிள்ளைக் காம்பராவுக்கு ஓடி வருவாள். நாலரைக்கு மற்றப் பிள்ளைகளைத் தாய்மார் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனதும், "அம்மா, வாங்க வீட்டுக்குப் போவோம்" என்று அக்காவின் விரலைப் பிடிப்பாள். லீவு நாட்களில் அந்த நேரத்து அக்காவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல் அவருக்கு இனித்தது. அத்தனை வருஷம் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவர். நான் குறை சொல்லவில்லை. ஆனால் இனித்தது, அதனால் ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டார். பிறகு அவரே என்னிடம் இதைச் சொல்லி அழுதார், ஆகையால் எழுதுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சுபாஜினி போனில் உடைந்துபோனாள். "அக்கா, அவ என்னைய மறந்துட்டா. நான் பெத்தவன்னு அவளுக்குத் தெரியல" என்று கத்தி அழுதாள். அன்றிலிருந்துதான் அக்கா கதையைத் திருத்தப் பார்த்தார்.

கட்டுவதை விடத் திருத்துவது கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பூதம் நெஞ்சு வலி வந்து செத்துப்போனது என்று சொல்லிப் பார்த்தார். "இல்ல, பூதம் சாகாது. நீங்க முன்னுக்கு அப்பிடிச் சொல்லல" என்றாள் நிலூஷா. மந்திரவாதி ஒருத்தர் வந்து சாபத்தை எடுத்துவிட்டார் என்றார். மந்திரவாதி எந்தப் பக்கத்தில் வருகிறார், படத்தைக் காட்டுங்கள் என்றாள். கடைசியில் அக்கா தோற்றுப்போய் அவளை மடியில் வைத்து, "அது அம்மா சும்மா சொன்ன கதைம்மா. பொய். நீ கூப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்றார்.

பிள்ளை அக்காவையே உற்றுப் பார்த்தாளாம். பிறகு மடியிலிருந்து இறங்கித் தள்ளிப்போய் நின்றுகொண்டாளாம். பிரியமானவர்கள் வேஷத்தில் வந்து இதையேதான் சொல்வார்கள் என்று அவளுக்கு முன்பே சொல்லி வைத்தது அக்காதானே.

அவள் தாயை மறக்கவே இல்லை. அதை நாங்கள் யாரும் சுபாஜினிக்குப் புரியவைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எழும்பியதும் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு போனுக்கு முன்னால் உட்காருகிற பிள்ளை அது. சுபாஜினியின் பழைய சேலை ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். ஏன் என்று கேட்டால், "சித்தி சேலை" என்பாள். ஆறு வயதில் அவ்வளவு பெரிய காரியத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது.

போன மாசிக்குப் பிறகு சுபாஜினிக்கு உடம்பு சரியில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றாள். மாத்திரை கொடுத்து வேலை செய்யச் சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், வழக்கமில்லாத நேரத்தில் போன் வந்தது. எனக்கு லீவு, நானும் அங்கே இருந்தேன். படத்தில் அவள் முகம் ஊதியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில். பேச்சு இழுத்து இழுத்து வந்தது.

"நிலு, ஒரே ஒரு தடவ அம்மான்னு கூப்பிடும்மா. நான் வேற ஒண்ணும் கேக்கல."

நிலூஷா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சித்தி, எத்தன ரூம்…"

"ரூம் எல்லாம் முடிஞ்சிருச்சும்மா. கூட்டி முடிச்சிட்டேன். கூப்பிடு."

"வாசல்ல வந்து நிக்கணும்" என்றாள் பிள்ளை. பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. என் கோபம் ஊரறிந்தது. "ஏன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? பெத்த தாய் கெஞ்சுறா, சொல்லித் தொலையேன்டி!" என்று நான்தான் கத்தினேன். அன்றைக்கு என் வாயைத் தைத்திருக்கலாம். அக்கா பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பிள்ளையையும் அடிக்காதவர், கன்னத்தில் ஒன்று வைத்தார். "சொல்லுடி! அம்மான்னு சொல்லு!"

நிலூஷா போனைப் பார்த்தாள். "அம்மா" என்றாள்.

சுபாஜினி சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "இன்னொரு தடவ" என்றாள். "அம்மா" என்று இன்னொரு தடவையும் சொன்னாள். பிறகு கோடு அறுந்துபோயிற்று. நாங்கள் இரண்டு பேரும் பிள்ளையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தோம். அவள் போனை விடாமல் கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய வேலை ஒன்று முடிந்தது என்று நான் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

வியாழக்கிழமை செய்தி வந்தது. மாரடைப்பு என்று எழுதியிருந்தார்கள். முப்பத்தொரு வயதுக்காரிக்கு, மூன்று வருஷம் ஒரு நாள் லீவில்லாமல் வீடு கூட்டினவளுக்கு, மாரடைப்பு. அந்தக் காகிதத்தில் வேறு ஒன்றுக்கும் இடமில்லை.

உடம்பு வந்து சேர இருபத்தாறு நாள் ஆனது. அதுவரை பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் என்று அக்கா எல்லோரிடமும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். சுவருக்கு மறைக்கத் தெரியாது என்று முன்பே சொன்னேன். அவளுக்கு எப்போது தெரிந்தது என்று எங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் முகம் கழுவிப் பொட்டு வைப்பதை நிறுத்திவிட்டாள். போன் எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பள்ளியில் டீச்சர் கூப்பிட்டால் எழும்பி நிற்பாளாம், பதில் வராதாம். அக்கா எந்தக் கதையையும் வாயால் எடுக்கவில்லை. பிள்ளைக் காம்பராவில் மற்றப் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து காலைக் கட்டிக்கொண்டாலும், தொண்டை சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வேன் காலையில் வந்தது. மூடி முத்திரை வைத்த பெட்டி, முகத்துக்கு மட்டும் கண்ணாடி. கூட்டத்தோடு கூட்டமாக நானும் எட்டிப் பார்த்தேன். முகம் சாம்பல் நிறத்தில் இறுகிப்போயிருந்தது. பெட்டியை அக்கா வீட்டு வாசலில் இரண்டு கதிரைமேல் வைத்தார்கள். தப்பு அடித்தார்கள். பெண்கள் தோளில் கை போட்டு வட்டமாக நின்று ஒப்பாரி தொடங்கினார்கள். நிலூஷா பள்ளிச் சட்டையோடு சுவரோரமாக நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அழாத பிள்ளையை அழவைத்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். உள்ளே வைத்துக்கொண்டால் நோயாகிவிடும் என்பார்கள். எங்கள் லயத்தில் சாவு வீடு என்றால் பேச்சியம்மாதான் ஒப்பாரிக்கு முன்னால் நிற்பார். அவர் வந்து பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அம்மான்னு கூப்பிட்டு அழு தாயி. கூப்பிடு. உங்கம்மாடி இது. அம்மான்னு கூப்பிடு."

மற்றப் பெண்களும் சேர்ந்து கூப்பிடு, கூப்பிடு என்றார்கள். நிலூஷா கண்ணாடிக்குள்ளே பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சியம்மா அந்தக் கையை விலக்கப் போனார். அவள் அவரைத் தள்ளிவிட்டு ஓடி வந்து அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார், நான் பக்கத்தில். தப்புச் சத்தத்தில் அவள் சொன்னது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டது.

"நான் இனிமே கூப்பிடவே மாட்டேன். சித்திய எந்திரிக்கச் சொல்லுங்கம்மா."